பனியில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டலாமா?

கேள்வி சுருக்கமாக இது: கையில் இருப்பது பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை உள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார். வேறு வண்டி கிடையாது. பனிக்காலம் நெருங்குகிறது. "அதை மூடி போட்டு மூடிவிட்டு, பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை வாங்கிக்கொள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே ஓட்ட முடியாதா?

ஓட்டலாம். நான் ஏழு பனிக்காலம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரே ஒரு முறை வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். அந்தக் கதை பின்னால் வரும். ஆனால் இந்த "ஓட்டலாம்" என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதில் பேரமே கிடையாது: டயர்.

முதல் பனிக்காலத்தில் எனக்கு இது தெரியாது. வாங்கும்போது வண்டியில் இருந்த அகலமான கோடை டயரே போதும் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் இரண்டு விரற்கடை பனி. வண்டி நின்ற இடம் சமதரை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். லேசான சரிவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கிளட்சை விட விட, பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. அடியில் இருந்த பனி உருகி, மறுபடி இறுகி, கண்ணாடி மாதிரி பளபளத்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். வண்டி முன்னால் போகாமல், பக்கவாட்டில் நடைபாதை விளிம்பை நோக்கி மெல்ல நழுவியது. அந்த நேரம் பார்த்து, என் வண்டியின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பழைய சின்னக் கார், பனி டயர் போட்டது, அலட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் ஏறிப் போனது.

காரணம் ரப்பர் கலவை. ஸ்போர்ட்ஸ் காருக்கு வரும் கோடை டயர், சூடான தார்ச்சாலையை ஒட்டிப் பிடிப்பதற்கென்றே செய்தது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது விறைக்கத் தொடங்கும். பனியே பெய்யாத உலர்ந்த சாலையிலும் பிடிமானம் குறையும். நம்பிக்கை இல்லையென்றால், நன்றாகக் குளிர்ந்த ஒரு காலையில் கட்டைவிரல் நகத்தால் டயரின் பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டியை, அழுத்திப் பாருங்கள். கோடை டயரில் நகம் பதியாது, பிளாஸ்டிக் வாளியின் விளிம்பைத் தொட்டது போல இருக்கும். பனி டயர் பள்ளிக்கூட அழிரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்கும். பந்தயத் தளத்தை மனதில் வைத்துச் செய்த சில டயர்களை மைனஸ் 7 டிகிரிக்குக் கீழான குளிரில் வைக்கவோ உருட்டவோ வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். விறைத்த ரப்பர் மடங்கும்போது விரிசல் விட்டுவிடும்.

பனி டயரின் இன்னொரு வேலை அதன் பட்டன்களில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நெளிநெளியாக ஓடும். உருளும்போது இவை வாய் திறந்து பனியைக் கவ்விக்கொள்ளும். பனியைப் பிடிக்கப் பனியைப் போல வேறொன்று கிடையாது. இரண்டு கைப்பிடிப் பனியை அழுத்தினால் உருண்டையாக ஒட்டிக்கொள்கிறது அல்லவா, அதே சங்கதி. டயரின் வெட்டுகளுக்குள் நிறைந்த பனி, சாலையில் கிடக்கும் பனியோடு ஒட்டிக்கொண்டு வண்டியை இழுக்கிறது. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934-ல் லாரிகளுக்காகப் பனி டயர் செய்தது. இரண்டே வருடத்தில் கார்களுக்கும் வந்துவிட்டது. ஆக, இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம்மில் பலர் இன்னும் நம்பாமல் இருப்பதுதான் புதிர்.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள்: இந்தப் படம் இருக்க வேண்டும். பனியில் இழுவைச் சோதனை செய்து தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். 'எம் + எஸ்' (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது, எந்தச் சோதனையும் இல்லாமலே தயாரிப்பாளர் தானாகப் போட்டுக்கொள்ளக்கூடியது அது. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்த எழுத்தை மட்டும் வைத்துப் பனி டயர் என்று ஏற்றுக்கொள்வதில்லை. டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் பனிக்கு அது உதவாது. பல நாடுகளில் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடும், பனி அவ்வளவு தாராளம் காட்டாது.

நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். "பின்சக்கரம்தானே இழுக்கிறது, இரண்டு போதாதா?" என்று காசைப் பார்ப்பவர்கள் உண்டு. பின்னால் மட்டும் போட்டால் வண்டி அழகாகக் கிளம்பும், ஆனால் திரும்பாது, நிற்காது. கிளம்புவதைவிட இந்த இரண்டும்தான் முக்கியம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்போர்ட்ஸ் காரின் அழகே அகலமான டயரும் பெரிய ரிம்மும்தான். பனியில் அந்த அகலம் எதிரி. அகல டயர் சேற்றுப்பனியின் மேல் மிதக்கப் பார்க்கும். ஒடுக்கமானது அதைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். அதனால் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுகளிலேயே ஒடுக்கமானதையும், ஓர் அங்குலம் சிறிய ரிம்மையும் எடுங்கள். ரிம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பெரிய பிரேக் காலிப்பரில் இடிக்காதா என்று மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். சிறிய ரிம்மில் ரப்பர் பக்கச்சுவர் உயரமாக இருக்கும், பனியடியில் மறைந்த குழிகளையும் அது தாங்கும். பார்க்கக் கொஞ்சம் நோஞ்சானாகத்தான் தெரியும். பழகிவிடும்.

டயர் மாற்றியாயிற்று, இனிக் கவலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு போடலாம். மணிக்கு 50 கிமீ வேகத்தில் பிரேக் அழுத்துகிறீர்கள். உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் (டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கான எண்) 0.8 என்று வைத்தால் வண்டி நிற்க சுமார் 12 மீட்டர் போதும். இறுகிய பனியில் அது 0.25 என்று வையுங்கள்: 39 மீட்டர். பனிக்கட்டியில் 0.1: கிட்டத்தட்ட 100 மீட்டர். நீங்கள் சுதாரித்துக் காலை வைக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. வேகத்தை 30 கிமீக்குக் குறைத்தால் அதே இறுகிய பனியில் 14 மீட்டரில் நின்றுவிடலாம். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், பனியில் வேகத்தைக் குறைப்பதைப் போல லாபமான காரியம் வேறில்லை.

இந்தக் கணக்கில் வண்டியின் சக்தி எங்கும் வரவில்லை. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதும் வரவில்லை. ஃபோர் வீல் டிரைவ் கிளம்பவும் மேடேறவும் பெரிய உதவி, மறுக்கவில்லை. 1977 குளிர்காலத்தில் பின்லாந்தில் நடந்த சோதனை ஓட்டத்தில், வெறும் 75 குதிரைத்திறன் கொண்ட ஃபோக்ஸ்வேகன் இல்டிஸ் என்ற ராணுவ ஜீப், தன்னைவிடப் பலமான ஆடி கார்களைப் பனியில் திணறடித்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1980-ல் வந்த ஆடி குவாட்ரோ. ஆனால் நிற்கும்போது எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் உண்டு. அதில் ஃபோர் வீல் டிரைவுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. பார்க்கப்போனால், சறுக்காமல் கிளம்பிவிடுவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே அதை ஓட்டுபவருக்கு உறைப்பதில்லை. பின்சக்கர வண்டி முதல் பத்தடியிலேயே லேசாக வாலாட்டி உண்மையைச் சொல்லிவிடும். கோடை டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவா, பனி டயர் போட்ட டூ வீல் டிரைவா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இழுக்கும் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். இன்ஜின் பின்னால் இருக்கும் போர்ஷே 911, பனியும் பனிக்கட்டியும் நிறைந்த மான்டே கார்லோ ராலி என்ற சாலைக் கார்ப் பந்தயத்தை 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தது. பின்சக்கர இழுவைதான், ஆனால் எடையின் பெரும்பகுதி அந்தச் சக்கரங்களின் தலையில். அதற்கு முன்பு 1964, 1965, 1967-ல் ஜெயித்தது குட்டி மினி கூப்பர். அங்கே இன்ஜினும் முன்னால், இழுவையும் முன்னால். (1966-லும் மினிதான் முதலில் வந்தது. முகப்பு விளக்கு விதிப்படி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்தச் சண்டையை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.) உங்கள் வண்டியில் இன்ஜின் முன்னால், இழுவை பின்னால் என்றால் இந்தப் பாக்கியம் குறைவு. டிக்கியில் ஒரு மணல் மூட்டை போடுவதில் தப்பில்லை, அசையாமல் கட்டி வையுங்கள். இன்ஜின் நடுவில் இருக்கும் வண்டி என்றால் இழுவை நன்றாகவே இருக்கும், ஆனால் சறுக்க ஆரம்பித்தால் பம்பரம் போலச் சட்டென்று சுற்றும்.

சரி, ஓட்டுவது எப்படி? பிடிமானத்தைப் பையில் இருக்கும் காசாக நினைத்துக்கொள்ளுங்கள். பனியில் அந்தக் காசு கொஞ்சம்தான். பிரேக்குக்குச் செலவழித்தால் திருப்பத்துக்கு மிஞ்சாது, திருப்பத்துக்குச் செலவழித்தால் ஆக்சிலரேட்டருக்கு மிஞ்சாது. உலர்ந்த சாலையில் பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் நுழைந்து பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, பிறகு திருப்பி, சக்கரம் நேரானதும் மெல்ல அழுத்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை.

கிளம்ப இரண்டாவது கியர் நல்லது. ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்னோ மோடோ ஈர மோடோ இருந்தால் அதில் வையுங்கள். ஆக்சிலரேட்டரின் துடுக்குத்தனம் அடங்கும். ஸ்போர்ட் மோடின் பக்கமே போக வேண்டாம்.

பலரும் தவறுவது ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அல்ல, பயந்து காலைச் சட்டென்று எடுக்கும்போது. பெரிய இன்ஜின், பின்சக்கர இழுவை, தாழ்ந்த கியர். காலை எடுத்ததும் இன்ஜின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்கும். ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்தது போலத்தான். வளைவின் நடுவில் இது நடந்தால் வால் வெளியே போய்விடும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது கிளட்சைத் தொப்பென்று விட்டாலும் இதே கதி, கொஞ்சம் ரேஸ் கொடுத்து வேகத்தைச் சமப்படுத்திவிட்டு விடுங்கள். மின்சார ஸ்போர்ட்ஸ் காராக இருந்தால், காலை எடுத்ததும் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் அந்த இழுப்பை மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் சறுக்கினால், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போனால், இன்னும் திருப்பத்தான் கை துடிக்கும். செய்யாதீர்கள். காலை மெல்ல எடுத்து, திருப்பியதில் கொஞ்சத்தைத் திரும்ப விட்டால் முன்சக்கரம் மறுபடி பிடிக்கும். வால் போனால், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், மோதப் போகும் மரத்தைப் பார்க்காதீர்கள். கண் போகும் இடத்துக்குத்தான் கை போகும். கிளட்சை அமுக்கி, வால் போகும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வண்டி நேராகத் தொடங்கிய கணமே ஸ்டீயரிங்கையும் வேகமாக நேராக்கிவிட வேண்டும். பள்ளத்தில் விழுபவர்களில் நிறையப் பேர் முதல் சறுக்கலைச் சமாளித்தவர்கள்தான். வால் மறுபக்கம் வீசும் இரண்டாவது சறுக்கல்தான் ஆளைத் தள்ளும்.

இதையெல்லாம் படித்து வராது. சுற்றிலும் எதுவும் இல்லாத, அனுமதியுள்ள ஒரு காலி மைதானத்தில் 20 கிமீ வேகத்தில் வேண்டுமென்றே சறுக்கிப் பாருங்கள். பிரேக்கை முழுதாக மிதித்து, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) காலடியில் கடகடவென்று உதைப்பதை அனுபவித்துக்கொள்ளுங்கள். முதன்முறை அதை நெருக்கடியில் உணர்பவர்கள் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். ஆழமான உதிரிப் பனியில் ஏபிஎஸ் நிறுத்தும் தூரத்தைக் கூட்டவும் செய்யும், ஏனென்றால் பூட்டிய சக்கரம் முன்னால் பனியைக் குவித்து முட்டுக் கொடுக்கும், உருளும் சக்கரம் கொடுக்காது. பரவாயில்லை, பிரேக்கை அழுத்திக்கொண்டே திருப்ப முடிவது அதைவிடப் பெரிய வரம். சறுக்கல் தடுக்கும் மின்னணு உதவிகளையும் அணைக்காதீர்கள். பனியில் மாட்டி, சக்கரம் சுற்றினால்தான் வெளியே வர முடியும் என்ற நிலையில் மட்டும் இழுவைக் கட்டுப்பாட்டை அணைக்கலாம், வெளியே வந்ததும் போட்டுவிடுங்கள்.

சாலை கறுப்பாக, ஈரமாகத் தெரியும்போதுதான் மிகவும் கவனம் தேவை. ஈரத்தில் டயர் சர்ரென்று இரைந்துகொண்டே வரும். அந்த இரைச்சல் திடீரென்று அடங்கினால் கீழே இருப்பது தண்ணீர் அல்ல, பனிக்கட்டி. பாலத்தின் மேலும், வெயில் படாத வளைவிலும் இது முதலில் உருவாகும். கடுங்குளிரைவிடப் பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலைதான் மோசம். பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் மைனஸ் 15-ல் கிடைக்கும் பிடிமானம்கூட அப்போது கிடைக்காது.

இப்போது நடந்து வந்த கதை. பனி டயர் இருந்தது, ஓட்டவும் பழகியிருந்தேன். கிளம்பும்போது கணுக்காலளவு பனி, இரண்டு மணி நேரத்தில் அது கெண்டைக்கால் வரை ஏறிவிட்டது. ஸ்போர்ட்ஸ் காரின் அடிவயிறு தரையிலிருந்து 10 முதல் 13 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அதற்கு மேல் பனி ஏறினால் முன் பம்பர் மண்வெட்டியாகி, அள்ளிய பனியைக் காருக்கு அடியில் திணிக்கும். அன்றைக்கு வண்டி மெல்ல மெல்ல நின்றது. இறங்கிப் பார்த்தால் வயிறு பனித்திட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பின்சக்கரங்கள் பாதி அந்தரத்தில். உலகின் எந்த டயராலும் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. பனி வாரும் வண்டி சாலையோரம் ஒதுக்கிவிட்டுப் போகும் வரப்பும் இப்படித்தான். இரவில் அது இறுகிவிட்டால் கல், மோதினால் பம்பரின் கீழுதடு உடையும். என் கணக்கு எளிது: பெய்யப்போகும் பனி பம்பரின் கீழ் விளிம்பைத் தொடும் என்றால் அன்று வண்டி எடுப்பதில்லை.

மாட்டிக்கொண்டு, குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்க நேர்ந்தால், முதலில் இறங்கி எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுங்கள். தாழ்ந்த வண்டியில் அது சுலபமாக மூடிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் வாசனைகூடத் தெரியாது. இழுத்துச் செல்லும் கொக்கியைப் பம்பரில் எந்த மூடிக்குப் பின்னால் திருக வேண்டும் என்பதையும் வெயில் காலத்திலேயே பார்த்து வையுங்கள். டயரைச் சுற்றிப் பனிச் சங்கிலி மாட்ட நினைத்தால் முதலில் கையேட்டைப் படியுங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவில் அதற்கு இடமே இல்லை. அதற்குப் பதிலாக டயருக்குப் போடும் துணி உறை சில வண்டிகளுக்குச் சரிவரும்.

இனிச் சில்லறை விஷயங்கள். பனியில் ஓட்டிவிட்டு வேகச்சாலையில் ஏறியதும் ஸ்டீயரிங் கடகடவென்று ஆடினால், பேரிங் போச்சு என்று பதற வேண்டாம். ரிம்மின் உட்புறத்தில் பனி ஒரு பக்கமாக அப்பி உறைந்திருக்கும், நிறுத்திச் சுரண்டினால் சரியாகிவிடும். நான் ஒருமுறை மெக்கானிக்கிடமே கொண்டுபோய் விட்டேன். அவர் கூரைக்கடியில் வண்டி நின்ற அரைமணியில் பனி உருகி நோய் தானாகத் தீர்ந்தது, அவர் என்னைப் பார்த்த பார்வைதான் மறக்கவில்லை. குளிரில் டயரின் காற்றும் இறங்கும், 10 டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 பார். மாதம் ஒருமுறை பார்த்து நிரப்புங்கள்.

கதவில் சுற்றுச் சட்டகம் இல்லாத ஜன்னல் கண்ணாடியா? கைப்பிடியை இழுத்ததும் அது சில மில்லிமீட்டர் கீழே இறங்கி வழிவிட வேண்டும். உறைந்திருந்தால் இறங்காது, பலமாக இழுத்தால் ரப்பர் பட்டையும் மோட்டாரும் பாழ். ரப்பரில் சிலிகான் தடவி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. துணிக்கூரை வண்டியென்றால் உறைகுளிரில் கூரையை மடிக்கவே வேண்டாம், பின் ஜன்னல் பிளாஸ்டிக் என்றால் மடித்த இடத்தில் பிளந்துவிடும்.

சாலையில் தூவும் உப்பு வேறு இருக்கிறது. அடியில் அலுமினியமும் இரும்பு போல்ட்டும் சேரும் இடங்களை அது மெல்லத் தின்னும். வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே வரும் நாளாகப் பார்த்து, மேலே பளபளப்பாக்குவதை விட்டுவிட்டு, வண்டியின் அடிப்பக்கத்தையும் சக்கரக் குழிகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கழுவிய கையோடு நாலைந்து முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவையுங்கள். அன்றிரவு கேபிளால் இழுக்கும் ஹேண்ட்பிரேக்கைப் போட வேண்டாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஈரமான கேபிளும் பேடும் உறைந்து ஒட்டிக்கொண்டால், காலையில் முன்சக்கரம் உருளும், பின்சக்கரம் இரண்டும் பனியில் கோடு போட்டுக்கொண்டே வரும்.